ஜார்ஜியா முடிவை வாசிப்பது எப்படி: தங்கச்சிமடத்திலிருந்து ஒரு டீச்சரின் நோட்டு

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் நாலைந்து பேர் போனும் கையுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். என் தங்கை மகன் ஜார்ஜியா மாகாணத்தில் அட்லாண்டா பக்கம் குவின்னெட் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) குடும்பத்தோடு இருக்கிறான், அங்கேயே குடியுரிமை வாங்கி ஓட்டும் போடுகிறான் என்பது ஒரு காரணம். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், நம் மாவட்டத்தில் ஏழு தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவள் என்பது இன்னொன்று. "டீச்சர், யாரு ஜெயிக்கிறாங்க?" என்று கேட்பார்கள். 2020-ல் அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டு ஒரு பதில் சொன்னேன். அது தப்பாகப் போனது. அதற்குப் பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டு, எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பது மாகாணங்களையும் பார்க்க நமக்கு நேரமில்லை. ஜார்ஜியா ஒன்றைச் சரியாக வாசிக்கக் கற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும். தென்பகுதி மாகாணம் அது. 1992-ல் பில் கிளின்டனுக்குப் பிறகு 2020 வரை ஜனநாயகக் கட்சி அங்கே அதிபர் தேர்தலில் ஜெயித்ததே இல்லை. 2016-ல் குடியரசுக் கட்சியின் டிரம்ப், 2020-ல் ஜனநாயகக் கட்சியின் பைடன், 2024-ல் மறுபடி டிரம்ப் என்று மூன்று தேர்தலில் இரண்டு முறை புரண்ட ஊர். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

முதலில் நேரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஜார்ஜியாவில் வாக்குப்பதிவு மாலை 7 மணிக்கு முடியும். நவம்பரில் அவர்கள் கடிகாரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் ஓடும். ஆக, நமக்கு மறுநாள் புதன்கிழமை காலை 5.30. எங்கள் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து ஆட்கள் கிளம்புகிற அதே நேரத்தில்தான் அங்கே முதல் எண் வரும். செவ்வாய் ராத்திரி கண்விழித்து உட்கார்ந்து பயனில்லை. நன்றாகத் தூங்கிவிட்டு ஐந்து மணிக்கு எழுந்தால் போதும்.

கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும். எண்களுக்கு, அங்கே தேர்தலைக் கவனிக்கும் ஜார்ஜியா மாகாணச் செயலாளர் அலுவலகத்தின் முடிவுப் பக்கத்தையே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் ஓடும் எண்ணும் வாட்ஸ்அப்பில் வரும் எண்ணும் எந்த நேரத்து எண் என்றே தெரியாது. நோட்டில் இடது பக்கம் போன தேர்தல் கணக்கு, வலது பக்கம் இன்றைய கணக்கு. வலது பக்கத்தில் நான்கு பத்தி போடுங்கள்: மணி, முன்னிலை யார், எத்தனை ஓட்டில், இன்னும் எண்ண வேண்டியது எவ்வளவு. நாலாவது பத்திதான் உயிர். அதை எழுதாமல் மற்ற மூன்றை மட்டும் எழுதுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

அடுத்தது, நாடு முழுக்க யாருக்கு எத்தனை கோடி ஓட்டு என்ற எண்ணை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பது 538 பேர் கொண்ட தேர்வாளர் குழு. 270 வாங்கியவர் அதிபர். அதில் ஜார்ஜியாவுக்கு 16. அந்த 16-ம் மாகாணத்தில் முதலிடம் வந்தவருக்கு மொத்தமாகப் போய்விடும், ஒரு ஓட்டில் ஜெயித்தாலும் சரி, ஒரு லட்சத்தில் ஜெயித்தாலும் சரி. நம் எம்.பி. தொகுதி மாதிரிதான். 2024-ல் நம் ராமநாதபுரத்தில் நவாஸ்கனி 1,66,782 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வித்தியாசம் பத்தாக இருந்திருந்தாலும் கிடைத்திருப்பது ஒரே ஒரு எம்.பி. பதவிதான்.

அப்புறம் கவுன்டி. ஜார்ஜியாவில் 159 கவுன்டி இருக்கிறது. பயப்பட வேண்டாம், பத்துப் பெயர் தெரிந்தால் போதும். அட்லாண்டாவைச் சுற்றி ஃபுல்டன், டிகால்ப், கிளேட்டன், காப், குவின்னெட். இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். கடலோரத்தில் சவான்னா துறைமுகம் இருக்கும் சாத்தம் கவுன்டி. வடக்கே டிரம்ப் பலமாக இருக்கும் ஃபோர்சைத், செரோக்கி, ஹால். தெற்கே சின்னச்சின்ன கிராமத்துக் கவுன்டிகள், அதில் பிரான்ட்லி போன்றவற்றில் பத்தில் ஒன்பது பேர் டிரம்புக்குப் போட்டவர்கள். இவ்வளவுதான்.

வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. 2020-ல் பைடன் ஜெயித்தது 159-ல் 30 கவுன்டிதான். மீதி 129 டிரம்புக்கு. படத்தைப் பார்த்தால் மாகாணமே டிரம்ப் கட்சியின் சிவப்பாகக் கிடக்கும், ஆனால் ஜெயித்தவர் பைடன். இது நமக்குப் புரியாத விஷயமா? பனங்காடும் கருவேலமும் உப்பளமும் எவ்வளவு பரந்து கிடந்தாலும், வாக்காளர் பட்டியல் தடிமனாக இருப்பது கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும்தானே.

ஒவ்வொரு கவுன்டியையும் போன தடவையோடு ஒப்பிடுவதுதான் சரியான வாசிப்பு. காப், குவின்னெட் இரண்டும் பல வருடம் குடியரசுக் கட்சியின் கோட்டை. சொந்த மாகாணத்துக்காரரான ஜிம்மி கார்ட்டருக்கு 1976-ல் போட்டதற்குப் பிறகு, 2016-ல்தான் ஜனநாயகக் கட்சி பக்கம் திரும்பின. 2020-ல் குவின்னெட்டில் பைடனுக்கு நூற்றுக்கு 58, காப்பில் 56. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள், கறுப்பின மக்கள், நம் ஊர்ப் பிள்ளைகள், கொரியர்கள், லத்தீன் அமெரிக்கர்கள் என்று அந்தப் புறநகரின் முகமே மாறிவிட்டது. தங்கை மகன் இருக்கும் தெருவில் பத்து வீட்டில் மூன்று வீடு தமிழாம்.

இப்போது 2020-க்கு வருகிறேன். எல்லாப் பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நவம்பர் 3 வாக்குப்பதிவு. புதன் மதியம் டிரம்ப் ஒரு லட்சத்துக்கும் மேலே முன்னிலையில் இருந்தார். பெரும்பகுதி எண்ணியாகிவிட்டது. திண்ணையில் இருந்தவர்களிடம், "ஜார்ஜியா டிரம்புக்குத்தான், எழுதி வச்சுக்கோங்க" என்றேன். சாயங்காலம் தங்கை மகன் பேசினான். "பெரியம்மா, மீதி எங்கே இருக்குன்னு பார்த்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை.

மீதி இருந்தவை பெரும்பாலும் தபால் ஓட்டுகள். அதுவும் அட்லாண்டா பக்கத்துக் கவுன்டிகளின் தபால் ஓட்டுகள். கொரோனா காலம், மாகாணம் முழுக்க சுமார் 13 லட்சம் பேர் தபாலில் போட்டிருந்தார்கள். தபால் ஓட்டு வேண்டாம், அதில் மோசடி நடக்கும் என்று டிரம்பே பல மாதம் சொல்லிவந்ததால் அவர் ஆட்கள் நேரில் போய்ப் போட்டார்கள். அதனால் தபால் ஓட்டில் நூற்றுக்கு 65 பைடனுக்கு. நம் ஊரில் காலை எட்டு மணிக்கு முதலில் தபால் ஓட்டைத்தான் எடுப்போம், அரை மணி கழித்து இயந்திரம். அங்கே அந்த வருடம் கடைசியாக வந்து சேர்ந்தது தபால் ஓட்டு. உறை பிரித்து, கையெழுத்து சரிபார்த்து எண்ண வேண்டும். மாலை 7 மணிக்கு முன்னால் ஒரு தாளின் முடிவைக்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது என்பது சட்டம்.

எங்கள் கரையில் இதை யாரும் தப்பாகச் செய்ய மாட்டார்கள். நாலு நாட்டுப்படகு கரையேறியதும் இன்றைக்கு மீன்பாடு இவ்வளவுதான் என்று விலை பேசுகிற வியாபாரி உண்டா? இன்னும் எத்தனை விசைப்படகு கடலில் நிற்கிறது, எந்தப் பக்கம் வலை விட்டார்கள் என்று கேட்ட பிறகுதான் ஏலத்தில் வாயைத் திறப்பான். ஓட்டு எண்ணிக்கையிலும் கேட்க வேண்டியது அந்த இரண்டு கேள்விதான். எத்தனை மீதி? எங்கிருந்து, எந்த வகை?

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் 18,000 ஓட்டு முன்னிலை என்று வைத்துக்கொள்வோம். மீதி 60,000 தபால் ஓட்டு. அந்தக் கவுன்டியில் இதுவரை வந்த தபால் ஓட்டு நூற்றுக்கு 65-க்கு 34 என்று எதிராளிக்குப் போயிருக்கிறது. வித்தியாசம் 31. அறுபதாயிரத்தில் நூற்றுக்கு 31 என்றால் 18,600. முன்னிலை கரைந்து, எதிராளி 600 ஓட்டில் மேலே வந்துவிடுவார். எட்டாம் வகுப்பு சதவீதக் கணக்கு, அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் யார் முன்னிலை என்று மட்டும் கேட்பது பாதி கேள்வி.

2020-ல் நடந்தது கிட்டத்தட்ட அப்படியே. வியாழக்கிழமை நமக்கு மாலை ஆனபோது வித்தியாசம் பதினெட்டாயிரம் சொச்சம். வெள்ளி காலை இன்னும் குறைந்தது. வெள்ளி மதியம் மூன்று மணிக்கு, அங்கே விடியற்காலை நாலரை, கிளேட்டன் கவுன்டியிலிருந்து ஒரு கட்டு எண்ணி ஏற்றினார்கள். பைடன் 917 ஓட்டில் முந்தினார். கிளேட்டனில் கறுப்பின மக்கள் அதிகம். அதன் ஒரு பகுதி, கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக அடிபட்டு ரத்தம் சிந்திய ஜான் லூயிஸ் பிரதிநிதியாக இருந்த தொகுதிக்குள் வரும். அவர் அந்த ஜூலையில்தான் இறந்திருந்தார். அந்த ஒரு வரியை நோட்டில் எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை.

அதோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. டிவி அறிவிப்பது வேறு, மாகாணம் சான்றளிப்பது வேறு. முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் சுமார் 14,000. பிறகு ஐம்பது லட்சம் தாளையும் கையால் எடுத்துப் பார்த்து எண்ணினார்கள். அங்கே திரையைத் தொட்டால் தாளில் அச்சாகி வரும், அந்தத் தாள்தான் ஓட்டு. எனவே கையால் எண்ண முடிந்தது. நாம் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடியின் விவிபேட் சீட்டை எண்ணுகிறோம், அவர்கள் அந்த முறை அத்தனையும் எண்ணினார்கள். நவம்பர் 20-ல் சான்றளித்தபோது வித்தியாசம் 12,670. வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கலாம். டிரம்ப் தரப்பு கேட்டது, இயந்திரத்தில் மறுபடி எண்ணினார்கள். கடைசிக் கணக்கு: பைடன் 24,73,633, டிரம்ப் 24,61,854. வித்தியாசம் 11,779. மூன்றாவதாக வந்த லிபர்டேரியன் கட்சியின் ஜோ ஜார்கென்சன் வாங்கியது 62,000-க்கும் மேல். வித்தியாசத்தைவிட மூன்றாம் ஆளின் ஓட்டு ஐந்து மடங்கு பெரிது என்றால் அதையும் நோட்டில் குறித்துவைக்க வேண்டும். 2024-ல் நம் தொகுதியிலேயே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் எத்தனை பேர் நின்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வரிசையில் கீழே இருக்கும் எண்ணையும் படிக்கும் பழக்கம் நல்லது.

எண்ணிக்கை எண்ணிக்கைக்கு எண் மாறுகிறதே, அப்படியென்றால் மோசடிதானே என்று கேட்டு எனக்கு அந்த மாதம் வந்த வாட்ஸ்அப் செய்திகளுக்கு அளவில்லை. இதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு சட்டமன்றத் தேர்தலில் நான் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். ஓட்டுப்பதிவு முடிந்து கட்டுப்பாட்டுக் கருவியில் 'க்ளோஸ்' அழுத்தினேன். 742 காட்டியது. ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் கடைசி வரிசை எண் 743. ஒன்று இடிக்கிறது. வெளியே வண்டி நிற்கிறது, மண்டல அலுவலர் அவசரப்படுத்துகிறார், ஏஜென்ட்டுகள் மூன்று பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். ஓட்டுக் கணக்கு எழுதும் 17சி படிவத்தில் ஏதோ ஒரு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து திறந்து, ஏஜென்ட்டுகளை இரண்டு பக்கமும் உட்கார வைத்து, ஒவ்வொரு கையெழுத்தாக, கைநாட்டாக விரல் வைத்து எண்ணினோம். பக்கம் திருப்பிய இடத்தில் 409-க்கு அடுத்து 411 என்று எழுதியிருந்தது. 410 என்று ஒரு ஆளே கிடையாது. கையெழுத்து 742-தான். அதை எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கிக் கிளம்பும்போது இரவு ஒன்பதரை. ஒரு எண் இடித்தது, தேடினோம், காரணம் கிடைத்தது, எழுதிவைத்தோம். தேர்தல் வேலை என்றால் இதுதான்.

ஜார்ஜியாவின் கை எண்ணிக்கையிலும் இதேதான் நடந்தது. ஃபிளாய்ட் கவுன்டியில் எண்ணாமல் விடுபட்ட 2,600 தாள்கள் கிடைத்தன. ஃபாயெட், வால்டன், டக்ளஸ் கவுன்டிகளில் மெமரி கார்டில் இருந்த ஓட்டு மொத்தக் கணக்கில் ஏறவில்லை என்று தெரிந்தது. சேர்த்ததும் மொத்தத்தில் டிரம்புக்குத்தான் அதிக ஓட்டு கூடியது, வித்தியாசம் குறைந்தது. ஆனால் முடிவு மாறவில்லை. நீங்கள் நோட்டில் கவனிக்க வேண்டியது இது: திருத்தம் வந்தால் எத்தனை ஓட்டு, எந்தக் கவுன்டி, என்ன காரணம் என்று மூன்றும் சேர்ந்து வருகிறதா? வந்தால் அது திருத்தம். மூன்றும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் என்று மட்டும் வந்தால் அது வதந்தி, யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வதந்தி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டாவில் ஓட்டு எண்ணிய இடத்தின் கேமராப் பதிவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, மேசைக்கு அடியிலிருந்து பெட்டி எடுக்கிறார்கள், கள்ள ஓட்டு என்று உலகம் முழுக்கப் பரப்பினார்கள். என் போனுக்கும் வந்தது. வழக்கமாக ஓட்டுத்தாள் வைக்கும் பெட்டிதான் அது என்று விசாரித்தவர்கள் முழுப் பதிவையும் பார்த்துச் சொன்னார்கள். அங்கே வேலை செய்த தாயும் மகளும் கறுப்பினப் பெண்கள். தாய் மகளுக்கு எதையோ கொடுத்ததைப் பார்த்து, கணினியில் செருகும் பென் டிரைவ் என்றார்கள். அது இஞ்சி மிட்டாய். விசாரணைக் குழு முன்னால் மகள் அப்படித்தான் சொன்னார். மிரட்டல் தாங்காமல் அந்தத் தாய் தன் வீட்டைவிட்டுப் போய் இருக்க வேண்டி வந்தது. 2023 டிசம்பரில், இந்தப் பொய்யைப் பரப்பிய, டிரம்பின் வழக்கறிஞராக இருந்த ரூடி ஜூலியானி அந்தத் தாய்க்கும் மகளுக்கும் 14.8 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். நானும் சாவடியில் பசிக்குப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கடலை மிட்டாய் வாங்கித் தின்றிருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். அந்தச் செய்தியை அனுப்பியவர்களிடம் சண்டையே போட்டேன்.

2021 ஜனவரி 2-ல் டிரம்ப் மாகாணச் செயலாளர் பிராட் ரஃபென்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு, எனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடித்தால் போதும் என்று கேட்டார். அந்த எண்ணைப் பாருங்கள், 11,779-ஐவிட ஒன்று அதிகம். ரஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சிக்காரர்தான், அவருக்கே ஓட்டுப் போட்டவர். முடியாது, எண்கள் சரியாக இருக்கின்றன என்றார். ஓட்டு எண்ணும் இடத்தில் உட்காரும் யாருக்கும் இந்த ஒரு தகவல் தெரிந்திருக்க வேண்டும்.

2024-ல் வாசிப்பு மாறிவிட்டது. இதையும் கற்றுக்கொள்ளாவிட்டால் 2020 பாடத்தை வைத்துத் தப்புக் கணக்குப் போடுவீர்கள். இடையில் சட்டங்களைத் திருத்தினார்கள். தேர்தல் நாளுக்கு முன்பே 40 லட்சம் பேர் போட்டுவிட்டார்கள், அதில் மிகப் பெரும்பகுதி நேரில் வந்து போட்டவை. டிரம்பின் ஆட்களும் இந்த முறை முன்கூட்டியே போட்டார்கள். முன்வாக்குகள் ஆரம்பத்திலேயே பெருமளவு வந்துவிட்டன. பின்னால் வந்து புரட்டிப்போடத் தபால் கட்டு எதுவும் காத்திருக்கவில்லை. 2020 மாதிரி அட்லாண்டா வரட்டும் என்று எங்கள் திண்ணையில் காத்திருந்தவர்களிடம் நாலாவது பத்தியைக் காட்டினேன். மீதி குறைவு, கணக்கு தேறாது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செய்தி நிறுவனங்கள் டிரம்புக்கு என்று அறிவித்துவிட்டன.

மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரத்தில், டிரம்பை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்காகக் கோயிலில் பூசை செய்தார்கள். அவர் தாய்வழித் தாத்தாவின் ஊர். எனக்கும் அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. ஆசை இருக்கும் தேர்தலில்தான் நோட்டை இன்னும் ஒழுங்காக எழுத வேண்டும். எழுதியதால்தான் ஒன்று தெரிந்தது: ஹாரிஸ் வாங்கியது 25,48,017. பைடன் ஜெயித்தபோது வாங்கியதைவிட 74,000 அதிகம். கூட வாங்கியும் தோற்றார். ஏனென்றால் டிரம்ப் 24,61,854-லிருந்து 26,63,117-க்குப் போனார், இரண்டு லட்சம் கூடுதல். ஜனநாயகக் கட்சி ஓட்டு ஜார்ஜியாவில் சரிந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. 2016-ல் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 2,11,141. 2024-ல் 1,15,100.

இடது பக்கத்தில் இந்த மூன்று வருட எண்களையும் இப்போதே எழுதிவிடுங்கள். அடுத்தது 2028 நவம்பர் 7, செவ்வாய். ஜார்ஜியாவுக்கு அப்போதும் 16 ஓட்டுதான். நமக்கு 8-ந்தேதி புதன், காலை 5.30. முதல் எண் வந்ததும் மணியைக் குறித்துவிட்டு, நேரே நாலாவது பத்திக்குப் போங்கள்.